சட்டியும் சங்கும் சுண்ணாம்பும் ஆங்கிலத்திற்கு எந்த வாயிலிருந்து போயின?

கொழிஞ்சாம்பாறை:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாள்களாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இன்று இங்கே வைக்கிறேன். பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் ‘சி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து தொடங்கும் பக்கங்களைப் புரட்டினால், இன்று இங்கிலாந்தில் எவரும் பேச்சில் எடுக்காத, ஆனால் அகராதிக்காரர்கள் இன்னும் கைவிடாத சில பழஞ்சொற்கள் கண்ணில் படும். அவை அத்தனையும் நம் வீட்டுச் சொற்கள். மண்சட்டி அங்கே ‘ச்சாட்டி’ என்று இருக்கிறது. சுண்ணாம்பு ‘ச்சுனாம்’ என்றும், சங்கு ‘ச்சாங்க்’ என்றும், செட்டி ‘ச்செட்டி’ என்றும், சாவடி ‘ச்சௌல்ட்ரி’ என்றும் இருக்கின்றன. துணிக்குச் சிவப்பேற்றும் சாயவேரும் இருக்கிறது. சுருட்டும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலையில் அதே இரண்டு எழுத்துகள்.

நம் எழுத்தில் இந்த ஒலியைத் தனியே காட்ட வழியில்லை என்பதால் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறேன். ‘அச்சம்’, ‘பச்சை’ என்னும் சொற்களில் கேட்கும் ஒலியை ‘ச்ச’ என்றும், ‘பசி’ என்பதில் கேட்கும் ஒலியை ‘ஸ’ என்றும் இங்கே எழுதுகிறேன்.

இது எனக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் வளர்ந்த எங்கள் வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆனால் என் அம்மாச்சி ‘ச்சட்டி’, ‘ச்சோறு’, ‘ச்சுண்ணாம்பு’ என்றுதான் சொல்வார். நானும் அப்படியே பழகினேன். மேற்படிப்புக்குக் கோயம்புத்தூருக்குப் போன முதல் வாரத்திலேயே விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ‘ச்சோறு’ கேட்டதற்காகச் சிரித்தார்கள். வகுப்பில் ஓர் ஆசிரியர், அது மலையாளம் கலந்த கொச்சை என்றும் தமிழில் சொல்லின் முதலில் அந்த ஒலியே கிடையாது என்றும் எல்லோர் முன்னும் சொன்னார். அன்றிலிருந்து நான் ஊரில் ஒரு நாக்கும் வெளியூரில் ஒரு நாக்குமாக வாழ்ந்து வருகிறேன். இப்போது கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, இந்த அகராதிப் பக்கங்களைப் பார்க்கும்போது தோன்றுவது இதுதான்: நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து இறங்கியவர்கள் நம்மவர் வாயிலிருந்து கேட்டதைத்தானே எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்? அவர்கள் காதில் விழுந்தது ‘ச்ச’ என்றால், என் அம்மாச்சியின் ஒலி எப்படிக் கொச்சையாகும்? அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

‘சிட்’, ‘சட்னி’, ‘சின்ட்ஸ்’, ‘சீட்டா’ முதலியனவும் அதே பக்கங்களில் உண்டு. அவை இந்தி வழியாகப் போனவை என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

திருத்தணி ஆசிரியர்:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: உங்களைத் திருத்திய ஆசிரியர் தவறாகத் திருத்தினார். தொல்காப்பியர் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது ‘சகார ஞகாரம் இடைநா அண்ணம்’ என்கிறார். நாவின் நடுப்பகுதி அண்ணத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பிறக்கும் ஒலி அது. நாக்கு அண்ணத்தை முழுதும் தொட்டு மூச்சை அடைத்து விட்டால் வருவது ‘ச்ச’. தொடாமல் இடைவெளி விட்டுக் காற்றைச் சீற விட்டால் வருவது ‘ஸ’. அதனால்தான் சகரம் க, ட, த, ப, ற ஆகியவற்றோடு வல்லினத்தில் அமர்ந்திருக்கிறது. சீறும் ஒலிக்கு வல்லினத்தில் என்ன வேலை?

நூலைக்கூட விடுங்கள். சிரித்த அதே மாணவிகளைக் ‘கறிச்சட்டி’ என்று சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். ‘கறிஸட்டி’ என்று தமிழ்நாட்டில் எவரும் சொல்வதில்லை. ‘சாவடி’யைத் தனியே ‘ஸாவடி’ என்பவரும் ‘சுங்கச்சாவடி’ என்று வரும்போது நாவை அண்ணத்தில் ஒட்டித்தான் சொல்கிறார். ‘சோறு’ ஸோறாகிறது, ‘பழைய சோறு’ம் அப்படியே ஆகிறது, ஆனால் ‘வெண்டைக்காய்ச் சோறு’ என்றால் உடனே வல்லொலி வந்துவிடுகிறது. முன்னே ஒரு வல்லெழுத்து மிக்கால் போதும், பழைய ஒலி எழுந்து நிற்கும். உங்கள் அம்மாச்சி அதைத் தனிச்சொல்லிலும் காப்பாற்றி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிறு விலகலுக்கு இடம் கொடுங்கள். சட்டி, சங்கு ஆகிய சொற்கள் சகரத்தோடு அகரம் சேர்ந்து தொடங்குகின்றன. தொல்காப்பியர் காலத்தில் சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிர்களோடு மொழிக்கு முதலில் வராது என்பது விதி. பிற்காலத்தார் அதைத் தளர்த்தினார்கள். அதற்குச் சான்றாக நன்னூல் உரையில் காட்டப்படும் பழைய வெண்பா ‘சரி சமழ்ப்புச் சட்டி சருகு’ என்றே தொடங்குகிறது. ஆங்கில அகராதியில் ஏறிய அதே சட்டி நம் இலக்கணத்திலும் விதியைத் தளர்த்திக்கொண்டு ஏறியிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது.

ஆந்திரச் சித்தூர்:

ஐயா சொன்ன இலக்கணத்தை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் இலக்கணம் சொல்வது வேறு, கப்பலில் வந்தவர்கள் எந்த ஊரில் யார் வாயிலிருந்து கேட்டார்கள் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் அக்காவின் கேள்விக்கு விடை கிடைக்காது.

நான் ஆந்திரச் சித்தூரில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து தெலுங்கு வழியில் படித்தவன். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பட்டியல் இரண்டாகப் பிரிகிறது. சுண்ணாம்புக்குத் தெலுங்கில் ‘ஸுன்னம்’ என்பார்கள். ஆகவே ‘ச்சுனாம்’ தெலுங்கரிடமிருந்து போகவில்லை. சுருட்டுக்குத் தெலுங்கில் ‘சுட்ட’ என்பார்கள், நடுவில் ரகரம் கிடையாது. ஆங்கிலச் சொல்லில் ரகரம் இருப்பதால் அதுவும் தமிழ் அல்லது மலையாளம். ‘செட்டி’ எங்கள் பக்கம் ‘ஷெட்டி’ ஆகும். இவை மூன்றும் உங்கள் பக்கத்துச் சொற்கள்.

சாவடி அப்படியன்று. தெலுங்கில் சகரத்துக்கு இரண்டு ஒலிகள் உண்டு. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் அது ‘ச்ச’ ஆகவும், அ, உ, ஒ போன்றவற்றுக்கு முன் தகரமும் ஸகரமும் இறுகச் சேர்ந்த ‘த்ஸ’ ஆகவும் ஒலிக்கும். கடப்பையில் பணியாற்றிய சார்லஸ் பிலிப் பிரௌன் 1852இல் வெளியிட்ட தெலுங்கு ஆங்கில அகராதியில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதன்படி சாவடி என்பது ‘த்ஸாவடி’. ‘ச்சௌல்ட்ரி’ என்னும் ஆங்கிலச் சொல்லில் லகரமும் டகரமும் ரகரமும் எங்கிருந்து வந்தன என்பது இன்றுவரை தெளிவில்லாதது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதியைத் தொகுத்த யூலும் பர்னெலும்கூட அதன் பிறப்பு ஐயத்திற்குரியது என்றே எழுதிவிட்டார்கள். சென்னைப் பட்டணத்தில் 17ஆம் நூற்றாண்டில் வழக்கு விசாரித்த இடத்துக்கே அந்தப் பெயர்தான். திருப்பதிக்கு வந்திருப்பவர்கள் அறிவார்கள், யாத்திரிகர் தங்கும் விடுதிப் பலகைகளில் அந்தச் சொல் இன்றும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பெங்களூரில் அது திருமண மண்டபம். இங்கிலாந்தில் மறைந்த ஆங்கிலச் சொல் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறது.

அக்காவுக்கு ஒரு செய்தி. எங்கள் ஊரும் சித்தூர், உங்கள் வட்டமும் சித்தூர். மலையாளத்தில் உங்கள் ஊரைச் ‘சிற்றூர்’ என்றே எழுதுகிறார்கள். சிறிய ஊர் என்பதே பொருள். இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதும்போது தலையில் அதே இரண்டு எழுத்துகள்தாம்.

வேலந்தாவளம்:

நான் கட்டடப் பொறியாளன். சில ஆண்டுகள் ஹாங்காங்கில் வேலை பார்த்தேன். அங்கே மலைச்சரிவு மழையில் கரையாமல் இருக்க மண்ணோடு சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்து பூசுவார்கள். அந்தப் பூச்சுக்கு அங்குள்ள பொறியாளர்கள் இன்றும் ‘ச்சுனாம்’ என்றே எழுதுகிறார்கள், அரசு ஆவணங்களிலும் அதுவே பெயர். முதன்முறை அதைப் படித்தபோது என் அம்மாவின் வெற்றிலைப் பெட்டி நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லைப் பழஞ்சொல் என்று முழுவதும் ஒதுக்கிவிட முடியாது என்பதைத் தெரிவிக்கவே எழுதினேன்.

பழவேற்காடு:

சுண்ணாம்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஏரிக்கரையிலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரியின் அடியில் கிளிஞ்சல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும். என் தாத்தா காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் தடவிப் பார்த்து, கூடையால் அள்ளி, தண்ணீரிலேயே அலசிப் படகில் கொட்டுவார்கள். கரையில் காளவாயில் ஓர் அடுக்குக் கரி, ஓர் அடுக்குக் கிளிஞ்சல் என்று மாற்றி மாற்றிப் போட்டு எரிப்பார்கள். வெந்த கிளிஞ்சல் உருவம் மாறாமல், வெண்மையாக, கையில் எடுத்தால் காகிதம்போல எடையின்றி இருக்கும். அதைக் குவித்துத் தண்ணீர் தெளித்ததும் சீறிக்கொண்டு ஆவி கிளம்பும். சிறிது நேரத்தில் குவியல் தானே உடைந்து மாவாகிவிடும். சிறுவயதில் நான் அந்தக் குவியலுக்கு அருகே போய்க் காலைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். சலித்த மாவில் நயமானது வெற்றிலைக்கு, அடுத்தது வெள்ளையடிக்க, எஞ்சியது சுவருக்கு. பழைய சென்னை மாளிகைகளின் தூண்கள் பளிங்குபோல மின்னியதற்குக் காரணமும் இதுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தத் தூண்களைக் கண்டு வியந்த வெள்ளைக்காரர்கள் பொருளோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் என் மனத்தில் ஓர் உறுத்தல் இருக்கிறது. எங்கள் ஊரில் அதை எவரும் ‘ச்சுண்ணாம்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் தாத்தா ‘ஸுண்ணாம்பு’ என்றார். ஏரிக்கு அந்தப் பக்கம், சூளூர்ப்பேட்டைக்காரர்கள் ‘ஸுன்னம்’ என்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டியதும் எங்கள் ஊரில்தான். அவர்கள் காதில் விழுந்ததும் ‘ஸ’ ஆகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். எனவே ‘ச்ச’ எங்கள் கரையிலிருந்து போகவில்லை.

திருத்தணி ஆசிரியர்:

பழவேற்காட்டு நண்பரே, இன்று எப்படி ஒலிக்கிறது என்பதைக் கொண்டு அன்றைய ஒலியை முடிவு செய்ய முடியாது. அன்றைக்கு உங்கள் ஊரிலும் ‘ச்ச’ இருந்து, பின்னால் தேய்ந்திருக்கலாம்.

இதைச் சோதிக்க ஆங்கிலேயர் எழுதிய நம் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொண்டு நேற்றிரவு உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துச் சோளிங்கர் ‘ஷோ’ என்று தொடங்குகிறது. 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த ஊர் அது, அன்றைய எழுத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. சேலம் ஸகரம். சதுரங்கப்பட்டினம் ‘ஸட்ராஸ்’. சீர்காழி ‘ஷியாலி’. ஆனால் செங்கல்பட்டு ‘ச்சிங்கில்பட்’, சிதம்பரமும் சேப்பாக்கமும் ‘ச்ச’. முதலில் எனக்கு ஒரு வழி தெரிந்ததுபோல் இருந்தது: தம்பி சொன்ன தெலுங்கு விதிப்படி இ, எ ஆகியவற்றுக்கு முன் ‘ச்ச’, மற்றவற்றுக்கு முன் ‘ஸ’ அல்லது ‘ஷ’ என்று பிரியுமோ என்று பார்த்தேன். சேலமும் சீர்காழியும் அதை உடைத்துவிட்டன. ஊர்ப் பெயர்களை ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் எழுதியதால் அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது பயன் தராது என்று முடிவு செய்தேன். சென்னை என்னும் பெயரையும் விட்டுவிட வேண்டும். அது சென்னப்ப நாயக்கரின் பெயரால் 1639 வாக்கில் எழுந்த பட்டணம் என்பது பெருவழக்கான விளக்கம், அந்தப் பெயர் தெலுங்கு.

கொழிஞ்சாம்பாறை:

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. ‘கறிச்சட்டி’யைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எனக்கு அது தெரிந்திருந்தால் அந்த வகுப்பறையில் எழுந்து நின்று சொல்லியிருப்பேன்.

பழவேற்காட்டு அண்ணன் எழுப்பிய ஐயத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அதனால் ஆங்கிலேயரை விட்டுவிட்டு அவர்களுக்கு முன் வந்தவர்களைப் பார்த்தேன். இந்தச் சொற்களில் பல ஆங்கிலத்துக்குப் போர்த்துகீசியர் கைமாற்றிக் கொடுத்தவை. போர்த்துகீசிய எழுத்தில் இந்த ஒலிகளைப் பிரித்து எழுத வழி இருந்தது. ‘ஸ’ ஒலிக்கு ஓர் எழுத்து, ‘ஷ’ ஒலிக்கு வேறோர் எழுத்து, ‘ச்ச’ ஒலிக்கு அந்த இரட்டை எழுத்து. பிற்காலத்தில்தான் லிஸ்பன் பக்கத்தில் அந்த இரட்டை எழுத்தும் ‘ஷ’ ஆகக் குழைந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது ‘ச்ச’. அவர்கள் செட்டியை ‘ச்சட்டிம்’ என்று எழுதினார்கள், வணிகம் செய்வதற்கே அதிலிருந்து ஒரு வினைச்சொல்லும் ஆக்கிக்கொண்டார்கள். கார்சியா த ஓர்ட்டா 1563இல் கோவாவில் அச்சிட்ட மருந்து நூலில் சங்கை ‘ச்சாங்கோ’ என்று எழுதி, அது வங்காளத்துக்குப் போகும் சரக்கு என்கிறார். ‘ஸ’ என்று கேட்டிருந்தால் அவர்கள் எழுத்தில் அதற்கு இடமிருந்தது. ஆனாலும் ‘ச்ச’ என்று எழுதினார்கள்.

சங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் என் கட்சிக்கு அதுவே பெரிய சாட்சி. வடமொழியில் அதன் முதல் ஒலி ‘ச்ச’ அன்று, ‘ஷ’வுக்கு அருகிலுள்ள ஒலி. தெலுங்கும் ஏட்டு மலையாளமும் அந்த வடமொழி ஒலியை அப்படியே வைத்திருக்கின்றன. ஆகவே ‘ச்சாங்க்’ என்பதிலுள்ள வல்லொலி வடமொழியிலிருந்தும் வந்திருக்க முடியாது, தெலுங்கிலிருந்தும் வந்திருக்க முடியாது. சகரம் என்னும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு அதை வல்லொலியாகச் சொன்ன ஒரு வாயிலிருந்துதான் அது போயிருக்க வேண்டும். சங்கு குளிக்கும் இடமோ தூத்துக்குடி, இராமநாதபுரக் கடல். அந்த முத்துக்குளித்துறைக்குப் போர்த்துகீசியர் 1530களிலேயே வந்துவிட்டார்கள்.

சுண்ணாம்புக்கு இன்னும் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். பொலோன்யா நகரத்து லுதோவிகோ தி வர்த்தேமா கள்ளிக்கோட்டைக்கு வந்து திரும்பி 1510இல் தன் பயண நூலை வெளியிட்டார். வெற்றிலையோடு சிப்பியிலிருந்து எடுத்த சுண்ணாம்பையும் சேர்த்து மெல்கிறார்கள் என்று எழுதி, அதன் பெயரையும் தருகிறார். இத்தாலிய எழுத்தில் அவர் அதை எழுதிய முறைப்படி படித்தால் ‘ச்சொனாமா’ என்று வருகிறது. இத்தாலிய எழுத்துக்கூட்டலில் அதை வேறு விதமாகப் படிக்க இடமேயில்லை.

ஆந்திரச் சித்தூர்:

அக்கா, வர்த்தேமா கேட்டது கள்ளிக்கோட்டையில். அது மலையாளக் கரை. அங்கே இன்றும் ‘ச்சுண்ணாம்பு’தான். நீங்கள் நிறுவ வேண்டியது கிழக்குக் கரை.

கிழக்குக் கரைக்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறார், ஆனால் அவர் உங்களுக்கு எதிராகப் பேசுகிறார். வெனிஸ் வணிகர் சேசரே பெதெரிச்சி, 1563 முதல் 1581 வரை கிழக்கு நாடுகளில் சுற்றியவர். சாந்தோமிலிருந்து பர்மாவின் பெகுவுக்குப் போகும் சிவப்பு நூலையும் துணியையும் பற்றி எழுதும்போது, அந்தச் சிவப்பைத் தரும் வேரின் பெயரைச் சொல்கிறார். துவைக்கத் துவைக்க அந்தச் சிவப்பு மேலும் கூடும் என்று வியக்கிறார். நம் சாயவேர்தான் அது. அவர் எழுதிய பெயர் ‘ஸாயா’. அவருக்குப் பின் வந்த இன்னொரு வெனிஸ் வணிகர் காஸ்பரோ பால்பியும் ‘ஸாயா’ என்றே எழுதி, பெத்தபள்ளி என்னும் நிஜாம்பட்டினத்திலிருந்தும் அது வந்து சாந்தோமில் சாயமேற்றப்படுகிறது என்கிறார்.

பாருங்கள்: வர்த்தேமா, பெதெரிச்சி இருவரும் இத்தாலியர். எழுத்தும் எழுத்துக்கூட்டலும் ஒன்று. ‘ச்ச’ ஒலியைத் தெளிவாக எழுத இருவருக்கும் தெரியும். மேற்குக் கரையில் ஒருவர் ‘ச்ச’ என்று கேட்டார். கிழக்குக் கரையில் மற்றவர் ‘ஸ’ என்று கேட்டார். இடையில் ஏறக்குறைய அறுபது ஆண்டுதான்.

நகரி நெசவு:

சாயவேர் என்றதும் எழுதத் தோன்றியது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தறிக்காரர்கள். பச்சைக் கொடியாகத் தரையோடு படரும் சின்னச் செடி, வேர் நூல்போல மெலிந்து நீளமாக மணலுக்குள் இறங்கும். மணற்பாங்கான கடற்கரையில் விளைந்த வேரில்தான் நிறம் அதிகம் என்பார்கள். படிகாரம் ஏற்றிய துணியில் மட்டுமே அந்தச் சிவப்பு பிடிக்கும். என் பாட்டி ‘ஸாயவேர்’ என்றும், தெலுங்குக்காரர்களோடு பேசும்போது ‘ச்செரிவேரு’ என்றும் சொல்வார். இரண்டும் ஒரே பொருள்.

பழவேற்காட்டுக்காரருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று: அவருடைய ஊர்ப் பெயரும் ஆங்கிலத்தில் ஒரு பொதுச்சொல்லாகியிருக்கிறது. கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டைக்குப் ‘புலிக்கேட்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கி, பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பழவேற்காடு:

நன்றி அண்ணா. அதை நான் அறியேன். ஊருக்குச் சொல்கிறேன்.

பெயர் என்று வந்ததால் இன்னொன்று. சோழமண்டலம் ஆங்கிலத்தில் ககரத்தில் தொடங்கி ‘கோரமாண்டல்’ ஆனதும் இதே இரட்டை எழுத்தால்தான் என்பார்கள். போர்த்துகீசியர் ‘ச்சோரமண்டல்’ என்று எழுதியதில் இரண்டாம் எழுத்து உதிர்ந்துபோக, எஞ்சிய முதல் எழுத்தைப் பிறர் ககரமாகப் படித்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே கரிமணல் என்னும் குப்பம் இருக்கிறது. அதிலிருந்து வந்த பெயர் என்று வாதிட்டவர்களும் உண்டு. எங்கள் கரை மேல் எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும், ஒரு குப்பத்தின் பெயர் கரை முழுவதற்கும் ஆகியிருக்கும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சோழமண்டலமே சரி. அப்படியானால் அதுவும் கொழிஞ்சாம்பாறை அம்மாவின் பக்கம்தான் சேரும், என் பக்கம் சேராது.

திருத்தணி ஆசிரியர்:

ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. சுருட்டைப் பட்டியலில் வைத்தால் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும். ஆங்கிலேயர் அதை எழுதுவது அந்த இரட்டை எழுத்தில்தான் என்றாலும், உச்சரிப்பது ‘ஷெரூட்’ என்று. பிரெஞ்சுக்காரர் எழுத்தில் அதே இரட்டை எழுத்து ‘ஷ’ ஒலிக்கும். அந்த வழியாக வந்ததன் சுவடு அது. தாமஸ் பௌரி என்னும் ஆங்கில மாலுமி 1670களில் எழுதியபோதே, இலையைச் சுருட்டிப் பற்றவைத்து இழுக்கும் அந்தப் பொருளுக்கு இவ்வூரார் வேறொரு பெயர் சொல்கிறார்கள், போர்த்துகீசியரே ‘செரூட்டா’ என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். கை மாறிய சொல்லின் ஒலியைச் சான்றாகக் கொள்வது கடினம்.

தம்பியின் இரண்டு இத்தாலியர்களைப் பற்றி இரண்டு நாள்களாக யோசித்தேன். அது வலுவான சான்று என்று ஒப்புக்கொள்கிறேன். வடக்கே சாந்தோம் முதல் நிஜாம்பட்டினம் வரையுள்ள கரையில் அன்றைக்கே ‘ஸ’ கேட்டிருக்கிறது என்று கொள்ளலாம். தெற்கே முத்துக்குளித்துறையில் ‘ச்ச’ கேட்டிருக்கிறது. மேற்கே மலையாளக் கரையில் ஐயத்துக்கே இடமின்றி ‘ச்ச’. ஆகவே இலக்கணம் சொன்ன பழைய ஒலி ஒரே நாளில் எங்கும் மாறவில்லை, வடகிழக்கில் முதலில் தேய்ந்திருக்கிறது என்பது என் இப்போதைய கருத்து. எல்லா ஊருக்கும் ‘ச்ச’தான் என்று முதலில் நான் அடித்துச் சொன்னதை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை:

நானும் அப்படியே ஏற்கிறேன், ஐயா. தம்பி கொண்டுவந்த பெதெரிச்சி எனக்கு எதிராகப் பேசியது முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, கோயம்புத்தூரில் என்னோடு படித்தவர்களின் ‘ஸ’வுக்கும் ஐந்நூறு ஆண்டு வயது இருக்கிறது என்று புரிந்தபோது, அவர்கள் மேல் இருந்த கோபமும் கொஞ்சம் தணிந்தது.

என் மாணவர்களுக்காக ஒரு சிறு அட்டவணை தயாரிக்கிறேன். சட்டி, சுண்ணாம்பு, சங்கு, செட்டி ஆகிய நான்கும் முதலில் வரும். சாயவேரின் பக்கத்தில் பெதெரிச்சியின் ‘ஸாயா’வையும் எழுதுகிறேன். சாவடியைத் தெலுங்கின் கீழ் வைத்து ஐயக்குறி போடுகிறேன். சுருட்டு தனியாக நிற்கும். வேலந்தாவளத்து அண்ணனிடம் ஓர் உதவி வேண்டும். என் அம்மாச்சி இப்போது இல்லை. உங்கள் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் இந்தச் சொற்களைச் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்ப முடியுமா? வகுப்பில் மாணவர்கள் காதால் கேட்க வேண்டும்.

வேலந்தாவளம்:

பதிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே பேசினார். சுண்ணாம்பு, சட்டி, சோறு, சங்கு எல்லாம் ‘ச்ச’ என்றே சொல்கிறார். நான் இரண்டு முறை கேட்டதற்கு, ‘உனக்குக் காது கேக்கலயா’ என்று கோபித்துக்கொண்டதும் பதிவில் இருக்கிறது. இடையில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பானை விற்கும் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு அவரிடம் விலை கேட்டார். அப்போது ‘ஸட்டி’ என்கிறார். அவர் போன பிறகு என்னிடம் திரும்பி, வாங்கியதை உள்ளே வைக்கச் சொல்லும்போது மீண்டும் ‘ச்சட்டி’. மூன்று நிமிடத்துக்குள் இவ்வளவும் நடந்தது. அந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பட்டுமா, முழுவதையும் அப்படியே அனுப்பட்டுமா என்று சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

முழுவதையும் அனுப்புங்கள் அண்ணா, ஒரு நொடிகூட வெட்ட வேண்டாம். பானைக்காரர் பேசுவதும் கேட்கும்படியாக இருந்தால் இன்னும் நல்லது.